என் காலில் அவள் நடை

விரால் மீனை உயிரோடுதான் வாங்க வேண்டும், ஐயா. விலை குறைவென்று செத்த விராலை வாங்கிப்போகிறவன், எலும்பு சேரவில்லையே என்று பிறகு புலம்பக் கூடாது. எங்கள் பஞ்சர்மாசினில் கால் ஒடிந்தாலும் சரி, பிள்ளை பெற்றாலும் சரி, வயிற்றைக் கீறித் தைத்தாலும் சரி, மருந்துக்கு முன்னால் வீட்டுக்குள் வருவது விரால்தான். என் மனைவி சலசியாவுக்குக் கால் ஒடிந்த நாளிலிருந்து ஒருநாள் தவறாமல் விரால் ஆக்கிப் போட்டேன். முள் எடுத்துத்தான் தட்டில் வைத்தேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவள் தங்கை ருஸ்மியா, அக்காவைப் பட்டினி போட்டுவிட்டான் என்று அழுவது எனக்குக் கேட்கிறது. அது அபாண்டம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் பெயர் சர்வானி. மோட்டார் படகுகளுக்கு இன்ஜின் பழுது பார்க்கிறவன். மார்த்தபுரா ஆற்றில் ஓடுகிற படகில் பாதி என் கையால் உயிர் பிழைத்தவை. வீடு ஆற்றின் மேல், மரக்கால்களில் நிற்கிறது. முன்வாசலிலிருந்து ஊரின் பலகைப் பாதைக்குப் போக எங்களுக்கென்று ஒரு சின்னப் பலகைத் துண்டு உண்டு. பின்பக்கம் படிக்கட்டு, அதற்குக் கீழே தண்ணீர். இவ்வளவுதான் வீடு. காலை வேளையில் சலசியா அந்தப் படிக்கட்டிலிருந்து படகில் இறங்கி, அரிசிப் பலகாரம் விற்கப் போவாள். அவள் சிரிப்பு அடுத்த வளைவு வரை கேட்கும். எந்தப் படகுக்காரனைக் கேட்டாலும் அவளைத் தெரியும் என்பான். எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆனால் ஒரு சொல் சொன்னதில்லை.

பிறகு ருஸ்மியா தூரத்துப் பாலிக்பாப்பான் நகரத்தில் சாப்பாட்டுக் கடை போட்டாள். கூட்டம் அள்ளுகிறது, கை போதவில்லை, அக்கா வா என்றாள். சலசியாவும் போகிறேன் என்றாள். "ஒரேயடியாவா போறேன்? நோன்புக்கு வந்துடுவேங்க. நீங்களும் கூட வாங்களேன், அங்க மட்டும் படகு ஓடலையா?" என்றாள். நோன்புக்கு வருகிறேன் என்று போனவர்களை எனக்குத் தெரியும். முதல் வருஷம் வருவார்கள். அடுத்த வருஷம் துணிமணி அனுப்புவார்கள். அதற்கடுத்த வருஷம் போனில் பெருநாள் வாழ்த்து வரும். எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. அதைச் சொல்வதில் வெட்கமில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவளும் போய்விட்டால் பலகை முனகுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அவள் கிளம்பின அன்று காலையில் வாசல் பலகை சரிந்து விழுந்தாள். கணைக்கால் எலும்பு இரண்டாக ஒடிந்தது. அந்தப் பலகையைப் பற்றி நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். அதற்கும் வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் திருகாணி போட்டு அனுப்பினார்கள். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. கிளம்பும்போது பிசியோதெரபி பார்க்கிற ரவ்தா என்ற பெண் வந்து, சலசியாவின் கணுக்காலில் கைக்கடிகாரம் போல ஒரு பட்டையைக் கட்டினாள். ஆற்றோரத்துக்காரர்கள் படகு பிடித்து ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம் என்பதற்காக வந்த புது ஏற்பாடாம்.

"இது நடையை எண்ணுற பட்டை மட்டும் இல்ல அக்கா. ஒடிஞ்ச காலை எவ்ளோ நேரம் ஊனுறீங்க, எவ்ளோ பயப்படுறீங்க, நொண்டல் குறையுதா கூடுதா, எல்லாம் உங்க போன் வழியா எனக்குக் கோடு கோடா வந்துடும். நடந்தாத்தான் கால் திரும்பும். எலும்பு அது பாட்டுக்குச் சேர்ந்துடும், ஆனா சதையும் மூட்டும் படுத்துக் கெடந்தா மக்கிடும்."

"நான் சும்மா கெடக்குற ஆளா?" என்றாள் சலசியா. "நீ பாரு, பட்டை கழண்டு ஓடுற மாதிரி நடக்குறேன்."

"கோடு நல்லா இருந்தா நான் போன்லயே சபாஷ் சொல்லிட்டு விட்டுடுவேன். மோசமா இருந்தா நேரா படகு ஏறி உங்க வீட்டுக்கு வந்து நிப்பேன். அண்ணே, நீங்கதான் அக்காவை நடக்க வைக்கணும்."

சரி என்றேன். அந்தச் சமயத்தில் சரி என்றுதான் நினைத்தும் சொன்னேன்.

முதல் சில நாட்கள் அவள் நடந்தாள். ஊன்றுகட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அடுப்படிக்கும் படுக்கைக்கும் நடந்தாள். நடக்கும்போதே ருஸ்மியாவிடம் போனில் பேசினாள். "அந்த இடத்தை யாருக்கும் குடுத்துடாதடி, நான் நொண்டிக்கிட்டாவது வந்து சேருறேன்" என்றாள். ஒவ்வொரு அடியும் பாலிக்பாப்பானுக்கு ஒரு அடி என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அடுப்பில் விராலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த மீன் யாருக்காக வெந்துகொண்டிருக்கிறது என்று யோசித்தேன்.

ஒருநாள் மழை. அவளுக்குக் காய்ச்சல், அசந்து தூங்கிவிட்டாள். பட்டையைக் கழற்றி சார்ஜில் வைத்திருந்தாள். மதியம் அவள் போனில் ரவ்தாவின் செய்தி வந்தது: "அக்கா, இன்னைக்கு எழுந்திருக்கவே இல்லையா? நாளைக்கு நான் வரட்டுமா?" இந்த மழையில் அந்தப் பெண் பாவம், ஆற்றில் நனைந்துகொண்டு வருவானேன் என்று பட்டையை என் காலில் கட்டிக்கொண்டு அறையைச் சுற்றிக் கொஞ்சம் நொண்டி நடந்தேன். சிறிது நேரத்தில் பதில் வந்தது. "சபாஷ் அக்கா, நேத்தைவிட நல்லா இருக்கு." ஒருவருக்கும் அதில் கெடுதல் இல்லை. ரவ்தாவுக்கு அலைச்சல் மிச்சம், சலசியாவுக்குத் தூக்கம் மிச்சம்.

மறுநாள் சலசியா எழுந்து பட்டையைத் தேடினாள்.

"வாங்கிட்டுப் போயிட்டாங்க. வேற ஆளுக்கு வேணுமாம்" என்றேன். "உன் கோட்டைப் பாத்துட்டு டாக்டர் பயந்துட்டாராம். எலும்பு இன்னும் பச்சையா இருக்காம். காலை ஊனினா தகடு பிடுங்கிக்கிட்டு வந்துடுமாம். மறுபடி சொல்ற வரைக்கும் படுக்கையை விட்டு இறங்கக் கூடாதுன்னுட்டாரு."

"நேத்து வரைக்கும் நட நடன்னாங்களே?"

"அவசரப்பட்டு நடந்ததுதான் தப்பாப் போச்சாம்."

அவள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, விதி" என்று படுத்தாள். அவள் என்னை நம்பினாள், ஐயா. பதினெட்டு வயதில் என்னைக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து நம்பினாள். அந்த நம்பிக்கையை நான் ஒருநாளும் கெடுத்ததில்லை.

அதன் பிறகு இரண்டு கால் இருந்தது வீட்டில். ஒன்று படுக்கையில் கிடந்த கால், அது தேறவே இல்லை. இன்னொன்று என் காலில் கட்டியிருந்த கால், அது நாளுக்கு நாள் தேறி வந்தது. பட்டை வேலை செய்ய அவள் போன் பக்கத்தில் இருக்க வேண்டும், அதனால் போனும் என் சட்டைப்பையில் இருக்க வேண்டியதாயிற்று. ஆற்றில் விழுந்துவிட்டது என்று சொன்னேன். வேண்டுமென்று எடுத்துவைத்துக்கொண்டேன் என்று ருஸ்மியா சொல்வாள். பட்டையின் ஏற்பாடே அப்படி. நான் என்ன செய்ய முடியும்?

நொண்டுவது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். சும்மா இழுத்து இழுத்து நடந்தால் ரவ்தா ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பாள். நான் காதை வைத்தே இன்ஜினுக்கு வைத்தியம் பார்க்கிறவன். அடி வாங்கின இன்ஜின் ஒரு தாளத்தில் ஓடும், தேறத் தேற அந்தத் தாளம் நேராகும். சலசியா நடந்த அந்தச் சில நாள் தாளம் என் காதில் இருந்தது. அதிலிருந்து பிடித்து மெல்ல மெல்ல நேராக்கிக்கொண்டு வந்தேன். மழை நாளில் கொஞ்சம் மோசமாக நடந்தேன், ஏனென்றால் தகடு வைத்த கால் ஈரத்தில் குடையும். ஒருநாள் நன்றாக நடந்தால் அடுத்த நாள் களைத்துப்போனேன். ரவ்தா செய்தி அனுப்புவாள்: "அக்கா, உங்க கோட்டைப் பெரிய டாக்டர்கிட்டயே காட்டினேன், இவ்வளவு ஒழுங்கா தேறுற ஆளைப் பாத்ததில்லைன்னாரு. எக்ஸ்ரேக்கு அவசரமில்ல, நிதானமா வாங்க." என் வாழ்நாளில் என் வேலையை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. இன்ஜின் ஓடினால் படகுக்காரன் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான்.

வீட்டில் நொண்டி நொண்டி அது என்னையறியாமல் வெளியிலும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சில் இமூர் இருக்கிறாளே, எங்கள் வரிசைக்கே ஆச்சில், அதாவது அத்தை முறை, வாய்க்குப் பூட்டு இல்லாதவள், அவள்தான் முதலில் பார்த்தாள்.

"என்னடா சர்வானி, பொண்டாட்டிக்கு ஒடிஞ்சா புருஷனுக்கு நொண்டுதா? இப்படிப் பாசத்தை நான் கேள்விப்பட்டதில்லையே. நாளைக்கு அவளுக்குப் பிரசவ வலி வந்தா நீ போய்ப் படுத்துக்குவ போல."

"சுளுக்கு, ஆச்சில்."

"சுளுக்கெல்லாம் இருக்கட்டும். எங்க அவ? இத்தனை நாளா அவ வாயில இருந்து சிரிப்பே கேக்கலையே. ஆறே ஊமையாப் போன மாதிரி இருக்கு. நான் வந்து பாக்குறேன்."

வந்தாள். ஒரு தடவை அல்ல, மூன்று நான்கு தடவை. வந்தவள் சும்மா இருப்பாளா? "என் மச்சானுக்கு இதே மாதிரிதான் ஒடிஞ்சுது, அவன் இந்நேரம் பந்து ஆடிக்கிட்டிருந்தான், நீ ஏண்டி பொணம் மாதிரி கெடக்குற, எழுந்திரு" என்று அவள் மனதைக் கலைத்தாள். அறியாத ஜனங்கள் நோயாளி பக்கத்தில் வாயை விடுவது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கே தெரியும். அதனால் வாசல் பலகையைக் கழற்றினேன். "இத்துப் போச்சு ஆச்சில், மாத்தணும், கால வைக்காதீங்க, சலசியா மாதிரி ஆயிடும்" என்றேன். நான் போகும்போது ஒரு தனிப் பலகையைப் போட்டுத் தாண்டி, அதை ஊர்ப் பாதைப் பக்கம் இழுத்து வைத்துவிடுவேன். வரும்போது மறுபடி போடுவேன். எனக்குத்தான் வேலை அதிகம்.

கக்கத்துக் கட்டைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவை சும்மா சுவரில் சாய்ந்து கிடந்தன. பள்ளிவாசலில் ஒற்றைக் காலோடு ஒரு பெரியவர் மூங்கிலை ஊன்றி வருவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சலசியாவின் பெயரில் தானமாகக் கொடுத்துவிட்டேன். அந்த நன்மை முழுக்க அவள் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும்.

ருஸ்மியாவின் செய்திகளுக்கும் நான்தான் பதில் போட்டேன். முதலில், கால் தேறுகிறது, கொஞ்சம் பொறு என்று போட்டேன். பிறகு, எனக்கு அங்கே வர மனமில்லை, என் புருஷனை விட்டு வர முடியாது என்று போட்டேன். அவள் அழுது ஒரு குரல் செய்தி அனுப்பினாள். நீ இப்படிப் பேசுற ஆளே இல்லையேக்கா, நான் என்ன தப்பு செஞ்சேன் என்றாள். கடைசியில், இனிமேல் என்னைக் கூப்பிடாதே என்று போட்டேன். அதைப் போடும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது. சலசியாவிடம், உன் தங்கை அந்த இடத்துக்கு வேறு ஆளை வைத்துவிட்டாளாம் என்று மட்டும் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று விரால் அப்படியே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் தொழுதுவிட்டு வரும்போது அவள் வாசலில் இருந்தாள். படுக்கையிலிருந்து உட்கார்ந்தபடியே தவழ்ந்து வந்திருக்கிறாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, காலை நீட்டி, பலகை இல்லாத இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீர் ஏறியிருந்தது. வாசலுக்குக் கீழே ஆகாயத் தாமரைக் கொத்து ஒன்று முட்டிக்கொண்டு நின்றது.

"பலகை எங்கங்க?"

"கழட்டிட்டேன். உன்னை விழத்தட்டின பலகை."

"அப்ப யாராவது வரணும்னா?"

"யாரு வரணும்?"

தன் காலைத் தடவிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நான் காலை ஊனிப் பாத்தேன். வலிக்கலைங்க. பலம்தான் இல்ல, முட்டிதான் மடங்க மாட்டேங்குது. வலி இல்ல."

"வலிக்காததுதான் ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. உள்ள செத்துப்போன எலும்புதான் வலிக்காது."

அவள் முகம் வெளுத்துப்போனது. "எனக்கு ஜெயில்ல கெடக்குற மாதிரி இருக்குங்க" என்றாள். "மூச்சு முட்டுது. ஒரே ஒரு தடவை படகுல வெச்சு அந்த வளைவு வரைக்கும் கூட்டிட்டுப் போங்களேன்."

"ஜெயில்ல யாராவது முள்ளெடுத்து விரால் ஊட்டுவாங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். தூக்கச் சிரமமே இல்லை, அவ்வளவு இளைத்திருந்தாள். இங்கே எனக்கு நேற்றுக் கொடுத்த சோற்றில் மீன் இல்லை என்பதை நான் புகாராகச் சொல்லவில்லை.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். அதற்கு முன்னால் என் நெஞ்சில் உறுத்துகிற ஒரு பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்திலேயே ரவ்தா செய்தி அனுப்பினாள்: "அக்கா, நீங்க நெத்தி தரையில படக் குனிஞ்சு ஸஜ்தா செய்யுற மாதிரி கோட்டுல தெரியுது, இப்போதைக்கு நாற்காலியில உக்காந்தே தொழுங்க, முட்டியை மடக்காதீங்க." பட்டை என் காலில் இருந்தது, ஐந்து வேளையும் கழற்றினால் கோடு அறுந்து தெரியும். அதனால் நல்ல கால் இரண்டை வைத்துக்கொண்டு நான் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன், வாரக்கணக்கில். அது செல்லாத தொழுகை.  அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பித் தொழுது தீர்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த அறையில் மேற்கு எந்தப் பக்கம் என்று உங்கள் ஆள் நேற்றுக் காட்டினார், நன்றி.

வெள்ளிக்கிழமை மட்டும் சிக்கல். பள்ளிவாசலில் ஊர் பார்க்க நான் நாற்காலியில் உட்கார முடியாது. அதனால் அந்த நேரம் பட்டையை வீட்டில் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவேன். நோயாளி மதியம் படுத்துக்கொள்வது உண்டுதானே. பிறகு ஒருநாள் ரவ்தா, "அக்கா, இனிமே நீங்க நின்னே தொழலாம், ஸஜ்தா செய்யலாம்" என்று அனுப்பினாள். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. இறைவன் என் சிரமத்தைப் பார்த்துத் திறந்துவிட்டான் என்றே நினைத்தேன். அந்த வெள்ளியே கைகால் கழுவி உளூச் செய்து, பட்டையைத் திரும்பக் கட்டி, கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு ஜும்ஆ கூட்டுத் தொழுகைக்குப் போனேன். அதற்கடுத்த வெள்ளிகளிலும் போனேன். நொண்டல் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது.

பிறகு ரவ்தாவிடமிருந்து ஒரு சின்னக் கேள்வி. "அக்கா, நீங்க வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போறீங்களா?"

பெண்பிள்ளை, நடக்க முடியாதவள், கூட்டத்தில் இடிபடுவாளோ என்று கவலைப்படுகிறாள் என்று எண்ணினேன். "இல்லம்மா, வீட்டுலதான் தொழறேன்" என்று பதில் போட்டேன். அவள் ஒரு சபாஷும் அனுப்பவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், நான் இன்ஜின்காரன்.

அடுத்த வெள்ளி தொழுதுவிட்டு வந்து, தனிப் பலகையைப் போட்டேன். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. ஆற்றுப் பக்கம் ஒரு படகு கட்டியிருந்தது. பலகையைக் கழற்றினவன் படிக்கட்டை மறந்துவிட்டேன் பாருங்கள். சலசியாவின் படுக்கை பக்கத்தில் ரவ்தா உட்கார்ந்திருந்தாள். ஆச்சில் இமூரும் ரவ்தாவின் படகிலேயே ஏறி வந்திருந்தாள். ரவ்தா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்து, என் மனைவியிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பள்ளிவாசல்ல தொழுதுட்டு அப்பவே கிளம்பினீங்க அக்கா. நல்லா வெரசா வந்தீங்க. நடுவுல ஒரு இடத்துல நின்னீங்க. மறுபடி நடந்தீங்க. இப்பதான் ஒரு பலகையைத் தாண்டினீங்க." அப்போதுதான் தலையைத் தூக்கினாள். "இப்ப வாசல்ல நிக்கிறீங்க."

சலசியா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் பாதத்தைப் பார்த்தாள்.

"கைலியைத் தூக்குங்க" என்றாள்.

தூக்கினேன். கட்டின மனைவி கேட்டால் இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஆச்சில் இமூர்தான் கத்தினாள். "அட பாவி, அவ உசுரைக் கால்ல கட்டிக்கிட்டா ஊர் சுத்தின?" என்று பாத்திரத்தை எடுத்து என் மேல் வீசினாள். அது விரால் குழம்பு. சலசியா கத்தவில்லை. அவளுக்குச் சிரிப்பு பெரிது, அழுகை பெரிது என்று ஊருக்கே தெரியும். அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் எவ்ளோ தூரம் நடந்திருக்கேன்?"

"நல்லா நடந்திருக்க" என்றேன். அது உண்மை.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று ரவ்தாவைக் கேட்டேன். தொழில் தெரிந்தவனுக்கு அது தெரிந்தாக வேண்டும். "மத்த நாள் மதியம் நாலு ரக்அத்து, நாலு சுத்து நின்னு குனிஞ்சு எழுந்திரிக்கிறீங்க, வெள்ளிக்கிழமை மட்டும் ரெண்டு" என்றாள். "அதுக்கு முன்னால கொஞ்ச நேரம் அசையாம உக்காந்து பிரசங்கம் கேக்குறீங்க. வீட்டுல இருக்குற பொம்பளைக்கு வெள்ளிக்கிழமையும் நாலுதான் அண்ணே. மதியத்துல ரெண்டு தொழுதா அது ஜும்ஆ. நீங்க இன்னும் ரெண்டு சேத்து ஏமாத்தியிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இறைவனுக்கு முன்னால் அப்படி ஏமாற்ற எனக்கு எப்படி மனம் வரும்? நான் அப்படிப்பட்டவன் இல்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு எப்போதோ சேர்ந்துவிட்டதாம், கல் மாதிரி சேர்ந்திருக்கிறதாம். விராலைப் பற்றி நான் சொன்னது சரிதான் என்பதற்கு அதுவே சாட்சி. முட்டி மட்டும் இறுகிவிட்டது, பாதம் கீழே தொங்கிக்கொண்டு நிமிர மறுக்கிறது, தொடைச் சதை வற்றிவிட்டது. வாசலில் உட்கார்ந்து என்னிடம் வலியில்லை என்று சொன்னாளே, அன்றைக்கே எழுந்து நடந்திருந்தால் ஒரு குறையும் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். இனி ஆயுசுக்கும் கொஞ்சம் நொண்டுவாளாம்.

சரி, பலகை. மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டீர்கள். நான் அவளைத் தள்ளவில்லை. பலகையில் கையே வைக்கவில்லை. அவள் கிளம்புகிறதுக்கு முந்தின சாயங்காலம் அதில் இரண்டு ஆணி கழன்றிருப்பதைப் பார்த்தேன். என் கையில் சுத்தியல் இருந்தது. ஒரு நிமிஷ வேலை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சுத்தியலைப் பெட்டியில் வைத்தேன். காலையில் அவள் தலையில் பையும் கையில் பலகாரக் கூடையுமாக, ருஸ்மியாவுக்குப் பிடிக்கும் என்று ஆக்கின பலகாரம், வாசலைத் தாண்டினாள். நான் நிலையில் சாய்ந்து நின்றேன். பாத்துப் போ என்றேன். எந்தப் பலகை என்று சொல்லவில்லை. நான் ஒன்றுமே செய்யவில்லை, ஐயா. நீங்கள் எழுதிக்கொள்ள விரும்பினால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்: தெரியும், ஒன்றும் செய்யவில்லை. மற்றதெல்லாம் செய்தேன்.

கையெழுத்துப் போடுகிறேன். ஒரு விஷயம் மட்டும். நேற்று ரவ்தா வந்து உங்களிடம் பேசியது இந்தச் சுவருக்கு இப்பால் கேட்டது. சலசியாவை ருஸ்மியா பாலிக்பாப்பானுக்கு அழைத்துப்போகப் போகிறாளாம். பட்டை இப்போது அவள் சொந்தக் காலில் இருக்கிறதாம். படுக்கையிலிருந்து சன்னல் வரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் போகிறாளாம், அதற்குள் வேர்த்துக் கொட்டி அழுதுவிடுகிறாளாம். கோடு மிக மோசமாம்.

அதைக் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. என்னோடு இருந்தபோது அவள் பள்ளிவாசல் வரை நடந்துவிட்டு வந்தாள்.